இரு கை ஆயுதம்

— "ஏந்தலாகாது"ன்னுதானே போட்டிருக்கு? "இடுப்புல சொருகலாகாது"ன்னு எங்க போட்டிருக்கு? காட்டுண்ணா, பாப்போம்.

— ஷெர்லின், போன தடவையும் இதே வம்புதான் பண்ணின. இந்தக் கதை விளையாட்டுல உன் ஆளு கோயில் பூசாரி. பூசாரி கூர்மையான ஆயுதம் வெச்சுக்கக் கூடாது. அருவா கூர்மையா, இல்லையா?

— கூர்மைதான். ஆனா ஆயுதமா? என் பூசாரியம்மா பச்சிலை அறுக்கப் போறா. நம்ம எஸ்டேட்டுல பாதிப் பேர் இடுப்புல அருவா தொங்குது. எல்லாரும் போருக்கா போறாங்க? ஆயுதம் வேற, கருவி வேற. கோர்ட்டுலயே அப்படித்தான் பாப்பாங்க.

— அப்பா உன்னை லா காலேஜ்ல சேர்த்தது என் தலையெழுத்து. விளையாட வந்தியா, வாதாட வந்தியா?

— ரெண்டுக்குந்தான். ஜேபிண்ணா, நீங்களே சொல்லுங்க, நான் கேக்கறது நியாயமா இல்லையா?

— என்னை எதுக்குக் கண்ணு இழுக்குற? கதையை நடத்துறவன் உங்கண்ணன். எல்வினு இல்லைன்னு சொன்னா இல்லைதான். போன வருசம் கதையில என்ற ஆளு பள்ளத்துல உழுந்தப்ப இவன்கிட்ட ஒரு கவுறு கேட்டேன், வெறும் கவுறு. "உன் ஆளு ஊருல இருந்து கிளம்பும்போது கவுறு எடுத்துக்கல"ன்னு சொல்லி, பள்ளத்துலயே உட்டுட்டுப் போயிட்டான். மூணு ஞாயித்துக்கிழமை அந்தப் பள்ளத்துலயே குந்தியிருந்தேன்.

— ரூல்னா ரூல்டா ஜேபி. ஆளை உருவாக்கும்போதே என்ன எடுத்துட்டுப் போகலாம், என்ன கூடாதுன்னு முடிவாயிரணும். அப்புறம் நடுக்காட்டுல நின்னு அழுதா நான் என்ன பண்ண? ஷெர்லின், அருவா கிடையாது. ஒரு தடி எழுதிக்க.

— தடி! பச்சிலையைத் தடியால அடிச்சுக் கொல்லணுமா?

— கையால பறி. அடுத்து ஜேபி. பழைய கதையை அப்படியே விட்டாச்சு, புதுசா ஆரம்பிக்கிறோம். எத்தனை மாசம் ஆச்சு நாம இதுக்கு உக்காந்து? சொல்லு, என்ன ஆளு உனக்கு?

— வில்லாளி.

— எதிர்பார்த்தேன். பேரு?

— சித்தன்.

— சித்தன், வில்லாளி. ம். மலைக்காரனா, சமவெளிக்காரனா?

— மலைதான். அப்புறம் ஒண்ணு எழுதிக்க. வலது கை இல்லை. மணிக்கட்டுக்கு மேல போயிருச்சு.

— வலது கையா?

— ஆமாடா. பேனா ஓடலையா?

— இல்லடா… எழுதறேன். அது எதுக்குன்னு யோசிச்சேன். விளையாட்டுல வேற எதுக்கு அது? இங்க நீ யாரா வேணும்னாலும் இருக்கலாமே. ரெக்கை வெச்ச ஆளாக்கூட இருக்கலாம்.

— ரெக்கை எனக்கு முன்னயும் இல்லை. கை போன ஆளுதான் வேணும். எழுது.

— சரி. எழுதிட்டேன். வலது கை… இல்லை. போதுமா?

— போதும். இப்ப சாமானுக்கு வருவோம். பெரிய வில்லு ஒண்ணு.

— சரி.

— என்னது? சரியா?

— ஷெர்லின், நீ சும்மா இரு.

— எப்படிண்ணா சும்மா இருக்கறது? ஆப்ஜெக்‌ஷன்! அந்தப் பேப்பரைக் குடு இப்படி. நீயே எழுதி வெச்ச ரூல் இது: "பெரிய வில், ஈட்டி, கோடரி ஆகியவை இரு கை ஆயுதங்கள். இரு கைகளும் தடையின்றி இருப்போர் மட்டுமே இவற்றை ஏந்தலாம்." உன் கையெழுத்துதானே?

— ஆமா. அது பொதுவா எழுதினது. ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் பாத்துப் பண்ணிக்கலாம்.

— பாத்துப் பண்ணிக்கலாமா! எனக்கு ஒரு அருவாளுக்கு ஒரு மணி நேரம் வேதம் ஓதினியே!

— ஷெர்லின்! மனசுல ஈரம்னு ஒண்ணு வேண்டாமா?

— ஈரமா? இதுல ஈரம் எங்கண்ணா வந்துச்சு?

— உடு கண்ணு, உங்கண்ணன் குடுக்கிறப்ப வாங்கிக்குவோம். ஏன் எல்வினு, வில்லை நான் எப்படி இழுக்கிறதாம்?

— அது… காலால வில்லை மிதிச்சுப் பிடிச்சுக்கலாம். இடது கையால நாணை இழுக்கலாம். உக்காந்த வாக்குல.

— சண்டைக்கு நடுவுல குந்திக்குவேன்?

— ஒரு பாறை மேல.

— நல்லது. பாறையை யாரு தூக்கிட்டு வருவாங்க? சரி, எழுதிக்க. அப்புறம் கேடயம் ஒண்ணு.

— கேடயமா? வில்லாளிக்கு எதுக்குக் கேடயம்?

— எனக்கு வேணும்.

— சரி. முழங்கையில வார் போட்டுக் கட்டிக்கலாம். எழுதிட்டேன்.

— தீப்பந்தம் ஒண்ணு. குகைக்குள்ள போனா இருட்டா இருக்குமல்ல?

— தலைப்பாகையில சொருகிக்கலாம்.

— ஏசப்பா! தலை பத்திக்காதா?

— ஈரத் துணியில தலைப்பாகை.

— கேட்டியா கண்ணு, அந்த ஈரம் இங்கதான் வந்திருக்கு. அப்புறம் ஒரு குதிரை. கடிவாளத்தைப் பிடிச்சுட்டே வில்லு உடோணும்.

— பழக்கின குதிரைன்னு வெச்சுக்கலாம். பேச்சைக் கேக்கும்.

— கோடரி. பெரிய கோடரி, ரெண்டு கைக் கோடரி.

— ஜேபி…

— இல்லைங்கிறியா?

— இல்லைன்னு எங்க சொன்னேன்? எழுதிக்கறேன். சமாளிக்கலாம்.

— ஒத்தக் கையில வில்லு, கோடரி, கேடயம், தலையில தீ, கீழ குதிரை. சமாளிக்கலாம். எல்வினு, உனக்கே சிரிப்பு வரலையா?

— எனக்கு எரிச்சல்தான் வருது. நீ கேக்கற, நான் தர்றேன். அப்புறமும் ரெண்டு பேரும் சேந்து என்னையே கிண்டல் பண்றீங்க. என்னதான்டா வேணும் உனக்கு? ஒரு தேவதை வந்து வெள்ளிக் கை குடுத்துச்சுன்னு வெச்சுக்கலாமா? நிஜக் கையை விட பலமான கை. எல்லாத் தொல்லையும் தீந்துரும்.

— வெள்ளிக் கையி.

— ஆமா. இந்த மாதிரிக் கதையில அதெல்லாம் சகஜம்டா.

— எனக்கு வேண்டாம்.

— ஏன் வேண்டாம்?

— வேண்டாம்னா வேண்டாம். நீ உன்ற ரூலைப் படி. அதுல என்ன போட்டிருக்கோ, அதைச் சொல்லு.

— படிக்க மாட்டேன்.

— பாத்தீங்களா ஜேபிண்ணா? தான் எழுதின ரூலைத் தானே படிக்க மாட்டாராம். அண்ணா, இது அநியாயம். ஒரே மேஜையில எனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா?

— அவனுக்கும் உனக்கும் ஒண்ணாடி? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசு. ஜனவரியில என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? நீ ஹாஸ்டல்ல இருந்த. பல்பர் ஷெட்டுல நான் நின்னேன். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற மெஷின், அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு, இவன்…

— நிறுத்து எல்வினு.

— இல்லடா, இவ பேசறது…

— அவ பேசறது சரிதான். மெஷினுக்குள்ள குச்சி சிக்கிச்சு. அணைக்காமக் கைய உட்டேன். உட்டவன் நானு. அதுக்கு ஷெர்லின் கண்ணு எதுக்கு வாயை மூடிட்டு இருக்கோணும்? சொல்லு கண்ணு, நீ சொல்ல வந்ததைச் சொல்லு.

— நான் ஒண்ணும் சொல்ல வரலைங்கண்ணா. எனக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான்… போன வாரம் கேரம்ல…

— கேரம்ல சிவப்புக் காயை வேணும்னே உட்டியே, அதுவா?

— உங்களுக்குத் தெரியுமா?

— குழி வாயில இருந்த காயி. பூனை வந்து தட்டினாலும் உழுந்திருக்கும். அதை உட்டுட்டு நீ "அச்சச்சோ"ன்னு கன்னத்துல கை வெச்சியே, நொம்ப நல்லா நடிச்ச.

— சாரிண்ணா.

— சாரி எதுக்கு? நீ ஒருத்தியா? எங்கூட்டுக்கு வந்து பாரு. எங்கம்மா சோத்தைப் பெசைஞ்சு உருண்டை உருண்டையாத் தட்டுல அடுக்கி வெக்குது, கோயில் பிரசாதம் மாதிரி. எங்கப்பா செல்லப்பன் இருக்காரே, பொறந்ததுல இருந்து என்னைத் திட்டாம ஒரு நாள் சோறு உண்டதில்லை. இப்ப என்ன பண்றாருன்னு தெரியுமா? போன வாரம் ஆட்டைக் கட்டாம உட்டுட்டேன். பக்கத்துத் தோட்டத்துல பூந்து பீன்ஸ் பூராத்தையும் மேஞ்சுருச்சு. முன்ன மாதிரின்னா தலைச்சோலை ஊரு பூராக் கேக்கற மாதிரி கத்தியிருப்பாரு. இப்ப "போகட்டும் சாமி, ஆடுதானே"ங்கறாரு. சாமியாம்! எனக்கு ராத்திரி தூக்கம் வரல கண்ணு. எங்கப்பன் என்னைத் திட்டலைன்னா நான் செத்துட்டேன்னு அர்த்தம்.

— ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணா.

— பின்ன எப்படிச் சொல்றது? பஸ்ஸுல ஏறுனா எந்திரிச்சு எடம் உடறாங்க. கையில்லைன்னா நிக்க முடியாதா? காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு! உங்கண்ணன் இருக்கானே, எஸ்டேட்டுல கணக்கும் ஆள் வேலையும் பாக்கற ரைட்டரு, இவன் எல்லாத்துக்கும் மேல. ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டு என்னை உக்கார வெச்சிருக்கான். என்ன வேலைன்னு கேளு.

— என்ன வேலைங்க?

— அதைத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன். டீ வருது, குடிக்கறேன். மறுபடியும் டீ வருது. களத்துல என்கூட மூட்டை தூக்குனவனெல்லாம் ஜன்னல் வழியாப் பாத்து "வணக்கமுங்க"ங்கறான். "ங்க" போடறான் என்னை! நேத்து வரைக்கும் வாடா போடான்னவன்!

— டேய், நான் என்னடா பண்ணட்டும்? முதலாளிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்கினேன். சம்பளம் நிக்கக் கூடாதுன்னு. உனக்கு நல்லது பண்ணினது தப்பா? எது பண்ணாலும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கற. மெட்ராஸ்ல செயற்கைக் கை வைக்கறாங்கன்னு விசாரிச்சுட்டு வந்து சொன்னேன், காதுல போட்டுக்கல. சாப்பிட வாடான்னா வரதில்ல. மறுபடியும் விளையாடலாம்னு இன்னிக்கு நீயாத்தான் கூப்பிட்ட. சரி, சந்தோஷமா இருக்கான், என்ன கேட்டாலும் குடுத்துரணும்னு சர்ச்சுல உக்காந்திருக்கும்போதே முடிவு பண்ணிட்டு வந்தேன். வில்லு கேட்ட, குடுத்தேன். கோடரி கேட்ட, குடுத்தேன். இதுக்கு மேல என்னடா குடுக்கறது?

— அதான்டா! கேக்கக் கேக்கக் குடுத்தா அது விளையாட்டா? கவுறு கேட்டப்ப இல்லைன்னியே, அப்ப உன்னை அடிக்கலாம்னு வந்துச்சு. ஆனா ஊட்டுக்குப் போயி அந்தப் பள்ளத்துல இருந்து எப்படி ஏறுறதுன்னு வாரம் பூரா யோசிச்சேன். மெஷின் ஓட்டும்போதெல்லாம் அதே நெனப்பு. கடைசியில பொந்துல இருந்த வேரைப் பிடிச்சு ஏறுனேன், ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நீ எந்திரிச்சு நின்னு கத்தின.

— இருக்கு.

— நீ கவுறு குடுத்திருந்தா அது இருந்திருக்குமா?

— அது வேற ஜேபி. அப்ப…

— அப்ப கை இருந்துச்சு. சொல்லு. சொல்ல மாட்ட. அன்னிக்கும் நீ சொல்லல.

— என்னிக்கு?

— ஜீப்புல. மெயின் ரோட்டுல டூரிஸ்ட் வண்டி நெரிசல்னு குப்பனூர் வழியா என்னை எறக்குனியே, அன்னிக்கு. கையில துணியைச் சுத்தி மடியில வெச்சிருந்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. ஒவ்வொரு வளைவுலயும் உன்னைக் கேட்டேன், "எல்வினு, கை இருக்காடா"ன்னு.

— ஜேபி, அதெல்லாம் இப்ப வேண்டாம்.

— ஒவ்வொரு வளைவுலயும் நீ சொன்ன, "இருக்குடா, இருக்கு."

— வேற என்னடா சொல்றது? ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கேன், கண்ணு தெரியல எனக்கு, ஒரே தண்ணி. ஒரு பக்கம் பள்ளம். "இல்லை"ன்னு சொல்லியிருந்தா நீ அங்கேயே…

— அன்னிக்கு அது சரிடா. நான் தப்புச் சொல்லல. நீ அப்படிச் சொன்னதாலதான் சேலம் ஆஸ்பத்திரி வரைக்கும் உசுரைப் பிடிச்சுட்டு வந்தேன். ஆனா நாம மலை எறங்கி எத்தனை மாசமாச்சு எல்வினு? நீ இன்னும் ஜீப்பை நிறுத்தல. இன்னும் "இருக்கு இருக்கு"ன்னே ஓட்டிட்டிருக்க. வில்லு கேட்டா இருக்கு. கோடரி கேட்டா இருக்கு. எனக்குக் கையில்லைங்கறது எனக்கே தெரியுது, உனக்குத்தான் தெரிய மாட்டேங்குது.

— அண்ணா, தண்ணி குடிக்கறியா?

— வேண்டாம்.

— அந்த ஜன்னலையாவது சாத்தட்டுமா? பனி உள்ள வருது.

— சாத்து.

— நான் ஒண்ணும் உன்னை நோகடிக்க வரலடா. கடைசியா ஒரு தடவை கேக்கறேன். அந்தப் பேப்பரை முன்னால வெச்சுக்க. என்ற ஆளு சித்தன், வில்லாளி, வலது கை இல்லை. பெரிய வில்லு எடுத்துக்கலாமா?

— ஜேபி, நம்ம வேற ஒரு…

— எடுத்துக்கலாமா?

— முடியாது!

— ஏன்?

— ஏன்னா அது ரெண்டு கை ஆயுதம்டா! உனக்கு ஒரு கைதான் இருக்கு! பாறை மேல குந்திக் காலால மிதிச்சு எய்யறதுக்குள்ள எதிராளி வந்து உன் கழுத்தை வாங்கிட்டுப் போயிருவான்! கோடரியும் முடியாது! தீப்பந்தம் பிடிச்சா கத்தி பிடிக்க முடியாது, கத்தி பிடிச்சா தீப்பந்தம் பிடிக்க முடியாது, எது வேணுமோ நீயே முடிவு பண்ணிக்க! குதிரையும் இல்லை! பேச்சைக் கேக்கற குதிரைன்னு இந்த உலகத்துல ஒண்ணும் கிடையாது! போதுமா?

— அப்பாடா.

— என்ன அப்பாடா?

— ஒண்ணுமில்ல. நல்லாக் கத்தின. எங்கப்பனைக் கேட்ட மாதிரி இருந்துச்சு. கேடயம்?

— கேடயம் கட்டிக்கலாம். ரூல்ல அதுக்குத் தடையில்லை. முழங்கை இருக்கு உனக்கு.

— சரி. அப்ப கவண். கவண்கல்லு சுத்த ஒரு கை போதுமல்ல?

— சுத்த ஒரு கை போதும். கல்லை வைக்க இன்னொரு கை வேணும். முடியாது.

— பல்லுல கடிச்சுக்கறேன்.

— பல்லு பத்தி ரூல்ல ஒண்ணும் இல்லை.

— ஆப்ஜெக்‌ஷன்! இல்லைன்னா தடையும் இல்லைன்னுதான் அர்த்தம். "ஏந்தலாகாது"ங்கறது கையைப் பத்தினது. வாயைப் பத்தி அந்தப் பேப்பர்ல ஒரு வார்த்தை இல்லை. ஜேபிண்ணாவுக்கு நான் வக்கீலா நிக்கறேன்.

— உன்னை யாரு கூப்பிட்டா?

— நாந்தான் வெச்சுக்கறேன், பேசட்டும். கவணோட ஒரு முனையைப் பல்லுல கடிச்சுட்டு, இடது கையால கல்லு வெச்சு, அப்புறம் உட்டுச் சுத்தறேன். ஆடு மேய்க்கறப்ப ஊட்டுக்குப் பின்னால செஞ்சு பாத்திருக்கேன். வருது. கொஞ்சம் நேரம் எடுக்குது, ஆனா வருது.

— நிஜமாவா?

— முதல்ல என்ற காலு மேலயே போட்டுக்கிட்டேன். இப்ப பரவாயில்ல.

— சரி. அப்படின்னா இதான் முடிவு. ஒரு சுற்றுல கல்லை ஏத்தற, அடுத்த சுற்றுல வீசற. மத்தவங்க ரெண்டு தடவை அடிக்கும்போது நீ ஒரு தடவைதான் அடிப்ப. அதுக்கு மேல ஒரு சலுகையும் இல்லை. அழுதாலும் இல்லை.

— ஒத்துக்கறேன். எழுது.

— கவண். கேடயம். ஒரு கத்தி. கவுறு வேணுமா?

— கட்டாயம் வேணும். பத்து முழம்.

— அண்ணா, இப்ப அந்த அருவா…

— தடி!

— சரி, சரி. கத்தாத.

— ஆள் எல்லாம் தயார். சாயங்கால பஸ்ஸை விட்டா ஜேபிக்கு நடைதான், சீக்கிரம் ஆரம்பிக்கலாம். பகடையை எடு ஷெர்லின்.

— பொறு எல்வினு. இன்னொரு ஆளு பாக்கி.

— யாரு? லோகேஷ் இன்னிக்கு வரலையே. ஒரு வாரமாக் காய்ச்சல் அவனுக்கு.

— லோகேஷுக்கு இல்ல. தலைச்சோலை செல்லப்பன் மகன் ஜெயபிரகாஷுக்கு. இப்ப ஒரு குரல் வந்துச்சே, அதே குரல்ல எனக்குச் சொல்லோணும். என்ற சிநேகிதனா வேண்டாம், எந்த வேலை எனக்கு முடியும்னு எஸ்டேட் ரைட்டராச் சொல்லு. மிளகு பறிக்கற ஏணி?

— ஜேபி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடா…

— ஏணி.

— முடியாது. ஒரு கையால மரத்தைப் பிடிச்சா, மறுகையாலதான் பறிக்கணும்.

— செடி கவாத்து?

— கிளையை ஒரு கை வளைக்கணும், ஒரு கை வெட்டணும். முடியாது.

— மருந்து அடிக்கறது?

— பம்ப்புக்கு ஒரு கை, குழாய்க்கு ஒரு கை. முடியாது.

— ஆபீஸ் நாற்காலி?

— அது… அது வேலையே இல்லடா.

— இதை ஒத்துக்க இத்தனை நாளா உனக்கு? நாளையில இருந்து அந்த நாற்காலியில நான் உக்காரப் போறதில்லை. அடுத்த மாசம் பழம் வர ஆரம்பிச்சுரும். பல்பர் ஷெட்டு?

— பல்பர் ஷெட்டா?

— அண்ணா, சொல்லு.

— அவசரப்படாத கண்ணு. யோசிக்கட்டும். எல்வினு, எனக்காகப் பாக்காத. அம்மா என்ன சொல்லும், முதலாளி என்ன சொல்லுவாரு, அதெல்லாம் அப்புறம். பேப்பர்ல எழுதற மாதிரிப் பாத்துச் சொல்லு.

— இப்ப மெஷின் வாய்க்கு இரும்பு வலை போட்டாச்சு. அணைக்காமத் திறக்க முடியாது. பழம் கொட்டறதுக்கு மேல ரெண்டு பேர் நிப்பாங்க. கீழ நிக்கறவனுக்கு… தண்ணி வால்வு. சுவிட்சு. சத்தம் மாறினா உடனே அணைக்கணும்.

— ஆமா.

— திரும்ப அந்த மெஷின் பக்கத்துல போய் நிப்பியாடா?

— அது ரூல்ல இல்லை. கேட்டதுக்குப் பதில் சொல்லு. முடியுமா, முடியாதா?

— அதுக்கு ஒரு கை போதும்.